சிறுகுறிஞ்சானும் மெட்ராஸ் ஆய்வுல இருந்த 22 பேரும்

சுகருக்குனு விக்கிற மூலிகை கேப்சூல் பாட்டில் எதையாவது திருப்பி பின்பக்கம் படிச்சீங்கன்னா அதுல "ஜிம்னிமா சில்வெஸ்ட்ரே"னு ஒரு பேர் அடிக்கடி கண்ணுல படும். நம்ம சிறுகுறிஞ்சான்தான் அது. பக்கத்துலயே "மருத்துவ ஆய்வில் நிரூபிக்கப்பட்டது"ங்கிற மாதிரி ஒரு வரியும் இருக்கும். அந்த வரிக்கு எது ஆதாரம்னு தேடிப் போனா கடைசில நிறைய பேர் வந்து நிக்கிறது ஒரே இடத்துலதான், 1990ல வந்த ரெண்டு மூணு பேப்பர். அதைப் பண்ணது வெளிநாட்டு கம்பெனி எதுவும் இல்ல, நம்ம தரமணியில மெட்ராஸ் யூனிவர்சிட்டியோட அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்துல பயோகெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட். இந்த பேப்பர்களைத்தான் இங்க ஒரு கேஸா எடுத்து முழுசா பாக்கப்போறேன், ஏன்னா இதைச் சொல்லிச் சொல்லியே விக்கிறாங்க, ஆனா அதுல என்ன எழுதியிருக்குனு உக்காந்து படிச்சவங்க ரொம்ப கம்மி.

முதல்ல செடியைப் பத்தி கொஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம், தக்காணத்து வறண்ட காடு, வேலியோரம்னு எல்லா இடத்துலயும் படர்ற கொடி இது. இலை எதிரெதிரா ஜோடியா இருக்கும், தொட்டா லேசா மென்மையான ரோமம் தெரியும், பூ சின்னதா மஞ்சளா கொத்துக் கொத்தா வரும். ரெண்டு இலையைப் பறிச்சு நல்லா மென்னு வாய்ல ஒரு நிமிஷம் வெச்சிருந்து துப்பிட்டு, வாயைக் கொப்பளிச்சுட்டு ஒரு ஸ்பூன் சீனியை நாக்குல போட்டுப் பாருங்க, மணலைப் போட்ட மாதிரி நறநறனு இருக்குமே தவிர துளி இனிப்பு தெரியாது. உப்பு தெரியும், புளிப்பு தெரியும், இனிப்பு மட்டும் காணாம போயிடும். அரை மணி நேரத்துலேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள்ள தானா திரும்பி வந்துடும். காரணம், இலையில இருக்கிற ஜிம்னிமிக் ஆசிட்ங்கிற பொருள் நாக்குல இனிப்பை உணர்ற டி1ஆர்3ங்கிற ஏற்பியில போய் ஒட்டிக்குது. ஜப்பான்காரங்க இதைப் பத்தி நிறைய வேலை பண்ணியிருக்காங்க.

இது இங்க காலங்காலமா தெரிஞ்ச விஷயம். வெள்ளைக்காரங்க எழுத்துல 1840கள்ல எட்ஜ்வொர்த்ங்கிற அதிகாரி இலையை மென்னதும் சீனி போட்ட டீயில இனிப்பே தெரியலனு சொன்னது பதிவாகியிருக்கு. அப்புறம் 1887ல டேவிட் ஹூப்பர்னு ஒருத்தர், ஊட்டியில சின்கோனா மரப்பட்டையிலேர்ந்து குயினைன் எடுக்கிற வேலைக்காக அரசாங்கம் வெச்சிருந்த கெமிஸ்ட், அவர்தான் இந்த இலையை பிரிச்சுப் பாத்து அந்த ஆசிட்டுக்குப் பேர் வெச்சார். சர்க்கரை வியாதிக்கு கேக்குமாங்கிற சண்டையும் புதுசு இல்ல. 1928ல கல்கத்தாவுல சோப்ராங்கிற டாக்டரோட குழு நோயாளிங்களுக்கு கொடுத்துப் பாத்து ஒண்ணும் தெரியலனு எழுதினாங்க, 1930ல மஸ்கர், கையஸ்ங்கிற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இல்ல இல்ல ரத்த சர்க்கரையைக் குறைக்குதுனு எழுதினாங்க. கிட்டத்தட்ட நூறு வருஷமா ஓடுற வழக்கு இது.

இப்ப மெட்ராஸ் ஆய்வுக்கு வருவோம். சண்முகசுந்தரம், ராதா சண்முகசுந்தரம், பாஸ்கரன் இவங்கல்லாம் இருந்த குழு. 80கள்லேர்ந்தே இலைச்சாறுல இன்சுலின் கூடுதானு பாத்துக்கிட்டு இருந்தாங்க. இலையிலேர்ந்து தண்ணியில கரையிற ரெண்டு சாரத்தைப் பிரிச்சு ஜிஎஸ்3, ஜிஎஸ்4னு பேர் வெச்சாங்க. முதல்ல எலி. ஸ்ட்ரெப்டோசோட்டோசின்ங்கிற மருந்தைப் போட்டு கணையத்தை கெடுத்து சர்க்கரை வரவழைச்ச எலிங்களுக்கு இதைக் கொடுத்தாங்க. ஜிஎஸ்3 கொடுத்த எலிக்கு 60 நாள்லயும் ஜிஎஸ்4 கொடுத்த எலிக்கு 20 நாள்லயும் வெறும் வயித்து சர்க்கரை நார்மலுக்கு வந்துச்சு. கணையத்தை வெட்டி மைக்ராஸ்கோப்ல பாத்தா இன்சுலின் சுரக்கிற பீட்டா செல் எண்ணிக்கை ரெண்டு மடங்கு மாதிரி கூடியிருந்துச்சு. "கணையத்தை புதுப்பிக்கும்"னு இன்னைக்கு விளம்பரத்துல வர்ற வார்த்தைக்கு வேர் இந்த எலிங்கதான். அந்தப் பேப்பர் தலைப்புலயே "சாத்தியமான"ங்கிற அர்த்தத்துல ஒரு வார்த்தை போட்டு ஜாக்கிரதையாத்தான் எழுதியிருந்தாங்க, பாட்டில்காரங்க அந்த வார்த்தையை மட்டும் கழட்டி விட்டுட்டாங்க.

அடுத்தது மனுஷங்க. டைப் 2 ஆய்வுல 22 பேர். ஏற்கனவே சுகர் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்க, அந்த மாத்திரையோட சேத்து தினம் 400 மில்லிகிராம் ஜிஎஸ்4, 18லேர்ந்து 20 மாசம். வெறும் வயித்து சர்க்கரை சராசரி 174லேர்ந்து 124க்கு வந்துச்சு, மூணு மாச சராசரி சர்க்கரையைக் காட்டுற ஹெச்பிஏ1சி 11.9லேர்ந்து 8.5க்கு வந்துச்சு. நிறைய பேருக்கு மாத்திரை அளவை குறைக்க முடிஞ்சுது, 5 பேர் மாத்திரையை முழுசா நிறுத்திட்டு ஜிஎஸ்4 மட்டுமே எடுத்துக்கிட்டாங்க. ரத்தத்துல இன்சுலின் அளவும் கூடியிருந்துச்சு.

இதுலேர்ந்து எல்லாரும் எடுத்துச் சொல்றது அந்த 5 பேரை. நான் கேக்குறது மீதி 17 பேரை. கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் விடாம எடுத்தும், டாக்டர்ங்க கவனிப்புல இருந்தும், அவங்க மாத்திரையை விடல, விட முடியல. இந்த ஆய்வை நம்பி ஒருத்தர் இன்னைக்கு மாத்திரையை நிறுத்தினா அவர் அந்த அஞ்சு பேர்ல ஒருத்தரா இருக்கிறதைவிட அந்த பதினேழு பேர்ல ஒருத்தரா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. இத்தனைக்கும் ஆய்வுல நடந்தது மாத்திரையோட சேத்து ஆரம்பிச்சு ரிசல்ட்டைப் பாத்து மெல்ல மெல்ல குறைச்சது, முதல் நாளே மாத்திரையை குப்பையில போட்டது இல்ல.

அடுத்து அந்த 8.5. 124ங்கிற நம்பரை மட்டும் பாத்தா ஆகா ஓகோனு தோணும், ஆனா ஹெச்பிஏ1சி 8.5னா இன்னைக்கு கணக்குப்படி சராசரி சர்க்கரை 197 கிட்ட வருது. பெரும்பாலானவங்களுக்கு டாக்டர்ங்க வெக்கிற இலக்கு 7. அந்தக் காலத்து ஹெச்பிஏ1சி டெஸ்ட்டை லேபுக்கு லேப் ஒரே அளவுகோலுக்கு கொண்டு வந்திருக்கலங்கிறதையும் சேத்துப் பாக்கணும், அதனால நம்பரை அப்படியே இன்னைக்கு ரிப்போர்ட்டோட பக்கத்துல வெக்க முடியாது. ஆனாலும் படம் தெளிவாத்தான் இருக்கு: ரொம்ப மோசமா இருந்தவங்க கொஞ்சம் மோசங்கிற நிலைக்கு வந்திருக்காங்க. அது சின்ன விஷயம் இல்ல, 11.9லேயே கிடந்தா கண்ணு, கிட்னி, கால் நரம்பு எல்லாம் போயிடும். ஆனா அது கட்டுப்பாடும் இல்ல.

இன்னும் முக்கியமான ஓட்டை ஆய்வை நடத்தின விதத்துல இருக்கு. சீட்டுக் குலுக்கிப் போட்டு யாருக்கு இலை யாருக்கு வெத்து மாத்திரைனு பிரிக்கல, கொடுக்கிறவங்களுக்கும் தெரியும் வாங்குறவங்களுக்கும் தெரியும். 11.9ல இருக்கிற ஒருத்தரை கூப்பிட்டு உக்கார வெச்சு, அடிக்கடி ரத்தம் எடுத்து, என்ன சாப்பிட்டீங்கனு கேட்டுக்கிட்டே இருந்தா இலையே கொடுக்காம கூட நம்பர் கொஞ்சம் இறங்கும், ஏன்னா அவரே வாயைக் கட்ட ஆரம்பிச்சுடுவார், மறந்துபோன மாத்திரையை ஒழுங்கா போட ஆரம்பிச்சுடுவார். இறங்கினதுல எவ்வளவு இலையால, எவ்வளவு கவனிப்பாலனு பிரிக்க இந்த ஆய்வுல வழி இல்ல. அந்தக் குழுவை குறை சொல்றதுக்காக இதைச் சொல்லல, 1980கள்ல ஒரு யூனிவர்சிட்டி லேப்ல அவங்க பண்ணது பெரிய காரியம்னுதான் நான் நினைக்கிறேன். அது முதல் படி. ரெண்டாவது படியை பெரிய அளவுல யாரும் ஏறாம நேரா கடைக்கு கொண்டு போனதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

கணையம் இன்சுலினை கிட்டத்தட்ட சுரக்கவே சுரக்காத டைப் 1 சர்க்கரைக்கும் ஒரு பேப்பர் இருக்கு, அதைப் பத்தி கண்டிப்பா சொல்லணும், ஏன்னா ஆபத்து அங்கதான். இன்சுலின் போட்டுக்கிட்டு இருந்த 27 பேருக்கு அதே 400 மில்லிகிராம் கொடுத்தாங்க, தேவைப்பட்ட இன்சுலின் அளவு குறைஞ்சுது, சர்க்கரையும் குறைஞ்சுது. குறைஞ்சுதுனுதான் எழுதியிருக்கு, நிறுத்தினாங்கனு எழுதல. டைப் 1 இருக்கிற ஒரு பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினா ஒரு சில நாள்லயே ரத்தத்துல கீட்டோன்ங்கிற அமிலம் ஏறி வாந்தி, மூச்சு வாங்குறது, மயக்கம்னு போய் உயிருக்கே ஆபத்தாயிடும். இலை கொடுத்து இன்சுலினை நிறுத்திடலாம்னு யார் சொன்னாலும், எவ்வளவு பெரிய வைத்தியரா இருந்தாலும், அந்தப் பேச்சை அங்கயே முடிச்சுட்டு கிளம்பிடுங்க.

சரி, இலை உள்ள போய் என்னதான் பண்ணுது? நாக்குல நடக்கிறது கேப்சூல்ல நடக்காது, ஏன்னா கேப்சூல் நாக்கைத் தொடாமலே உள்ள போயிடுது. இனிப்பு மேல இருக்கிற ஆசையைக் குறைக்கணும்னா இலையையோ பொடியையோ வாயில வெச்சாத்தான் உண்டு. குடல்ல குளுக்கோஸ் உறிஞ்சறதை கொஞ்சம் தடுக்குதுனு விலங்குகள்ல காட்டியிருக்காங்க. மூணாவது கணையம், அங்கதான் கதை சிக்கலாகுது. 1999ல லண்டன் கிங்ஸ் காலேஜ்ல ஒரு குழு அதே ஜிஎஸ்4ங்கிற சாரத்தை எடுத்து, பீட்டா செல் மேல ஊத்திப் பாத்தாங்க. இன்சுலின் வெளிய வந்துச்சு, நிஜம்தான். ஆனா எப்படி வந்துச்சுனு பாத்தா செல்லோட சவ்வு ஓட்டையாகி உள்ள இருந்தது கசிஞ்சு வெளிய வந்திருக்கு. நல்லா இருக்கிற செல்லுக்குள்ள போகாத ஒரு நீலச் சாயம் இருக்கு, ட்ரைபன் ப்ளூனு பேர், அதை விட்டுப் பாத்தா செல்லுக்குள்ள போயிடுச்சு, அதாவது செல் அடிபட்டிருக்கு. எலிக் கணையத்துல செல் கூடுச்சுனு ஒரு பேப்பர், தட்டுல வெச்ச செல் உடையுதுனு ஒரு பேப்பர். தட்டுல ஊத்தின செறிவு மனுஷன் ரத்தத்துல வருமாங்கிறது வேற கேள்வி, அதனால இதை வெச்சு இலை கணையத்தைக் கெடுக்கும்னு பயமுறுத்துறதும் தப்பு. ஆனா "கணையத்தை புதுப்பிக்கும்"னு மனுஷங்களுக்கு சத்தியம் பண்றதுக்கு இது ரெண்டுமே போதாது.

அதே லண்டன் லேப் 2010ல வேற மாதிரி பிரிச்ச இன்னொரு சிறுகுறிஞ்சான் சாரத்தை எடுத்துப் பாத்தப்ப, சவ்வை உடைக்காமலே இன்சுலின் சுரந்துச்சு. டைப் 2 இருக்கிற ஒரு சின்ன குழுவுக்கு தினம் 1 கிராம்னு 60 நாள் கொடுத்ததுல இன்சுலினும், கணையம் தானா எவ்வளவு இன்சுலின் சுரக்குதுனு காட்டுற சி-பெப்டைடும் கூடி சர்க்கரை இறங்குச்சு. 2021ல மெக்சிகோவுல, இந்தத் தடவை ஒழுங்கா குலுக்கிப் போட்டு வெத்து மாத்திரையோட ஒப்பிட்டு, சர்க்கரை வர்ற எல்லையில இருக்கிற 30 பேர்ல பாதிப் பேருக்கு 300 மில்லிகிராம் ரெண்டு வேளை 12 வாரம் கொடுத்தாங்க. இலை எடுத்தவங்களுக்கு, குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுக்கிற சர்க்கரை சுமார் 164லேர்ந்து 140க்கும், ஹெச்பிஏ1சி 5.8லேர்ந்து 5.4க்கும் வந்துச்சு. இதெல்லாம் பாக்கிறப்ப இந்த இலையில ஏதோ இருக்குனு எனக்குத் தோணுது, நிஜமாவே தோணுது. ஆனா 30 பேர், 12 வாரம். இதை வெச்சு ஒருத்தரோட இருபது வருஷ வாழ்க்கையைப் பணயம் வெக்க முடியாது.

மூணு சாரத்துக்கு மூணு மாதிரி ரிசல்ட் வந்ததைக் கவனிச்சீங்களா? வாங்குறவங்களுக்கு இதுதான் ரொம்ப முக்கியம். ஜிஎஸ்4ங்கிறது ஒரு குறிப்பிட்ட முறையில பிரிச்ச சாரம், 400 மில்லிகிராம் ஜிஎஸ்4ஓட பலன் 400 மில்லிகிராம் இலைப்பொடியில வராது. நாட்டு மருந்துக்கடையில பாக்கெட் போட்டு விக்கிற பொடி ஒண்ணு, "25 சதவீதம் ஜிம்னிமிக் ஆசிட்"னு போட்ட கேப்சூல் ஒண்ணு, "75 சதவீதம்"னு போட்டது இன்னொண்ணு, இது எல்லாமே வேற வேற சரக்கு. ஆனா எல்லா பாட்டிலும் அதே மெட்ராஸ் ஆய்வைத்தான் சாட்சிக்கு கூப்பிடுது. எந்த சாரத்தை ஆய்வு பண்ணாங்களோ அதே சாரமா உங்க கையில இருக்கிறதுனு கேளுங்க, கடைக்காரர் கிட்ட பதில் இருக்காது.

எங்க பெரியப்பா இதை எடுத்துக்கிட்டவர்தான். காலையில கிளிமிபிரைடு மாத்திரை, அதுக்கு மேல ஒரு ஸ்பூன் சிறுகுறிஞ்சான் பொடி வெந்நீர்ல. டாக்டர்கிட்ட சொன்னீங்களா பெரியப்பானு கேட்டா "இலைதானேப்பா, இதைப் போய் டாக்டர்கிட்ட என்னத்த சொல்றது"ன்னாரு. ஒருநாள் சாப்பாடு லேட் ஆச்சு, மத்தியானம் ரேஷன் கடை வரிசையில நிக்கிறப்பவே கை நடுங்கி சட்டை முழுக்க வேர்த்து கண்ணு இருட்டிட்டு உக்காந்துட்டாரு, பக்கத்துல இருந்த ஒரு அக்கா சட்டுனு சீனித்தண்ணி கரைச்சுக் கொடுத்ததுல தெளிஞ்சாரு. பொடியாலதான் வந்துச்சுனு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது, சாப்பாடு தள்ளிப் போனாலே கிளிமிபிரைடுக்கு அப்படி ஆகும். ஆனா கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரையும் இன்சுலினும் சர்க்கரையை நேரா இறக்குற மருந்துங்க, அதுக்கு மேல இன்சுலினைத் தூண்டுற இன்னொண்ணைப் போட்டா தாழ் சர்க்கரை வர்ற வாய்ப்பு கூடத்தான் செய்யும். அதுலயும் ஒரு விஷயம் இருக்கு, அப்பதான் இலையை மென்னவங்களுக்கு வாயில சீனி போட்டா இனிப்பு தெரியாது. அதைப் பாத்து சீனி வேலை செய்யலனு நினைச்சு நிறுத்திடக்கூடாது, இனிப்பு தெரியாட்டியும் ரத்தத்துல சர்க்கரை ஏறும், குடிக்க வைங்க.

ஈரல் விஷயமும் இருக்கு. 2010ல இஸ்ரேல்ல டைப் 2 இருக்கிற ஒருத்தருக்கு இந்த இலையை எடுத்துக்கிட்டதால ஈரல் வீக்கம் வந்துச்சுனு ஒரு கேஸ் ரிப்போர்ட் வெளியாச்சு. ஒரே கேஸை வெச்சு ஊரையே பயமுறுத்த வேண்டியதில்ல, இத்தனை காலமா எவ்வளவோ பேர் சாப்பிடுறாங்க. ஆனா கண்ணு மஞ்சளா தெரிஞ்சாலோ, சிறுநீர் டீ டிகாஷன் கலர்ல போனாலோ, பசியே இல்லாம குமட்டிக்கிட்டே இருந்தாலோ அன்னைக்கே நிறுத்திட்டு ஈரல் டெஸ்ட் எடுக்கணும், "மூலிகைதானே"னு ரெண்டு வாரம் பாப்போம்னு இருக்கக்கூடாது.

செடியிலேர்ந்து வந்த மருந்துன்னாலே எனக்கு ஆகாதுனு யாரும் நினைச்சுடாதீங்க. தினம் கோடிக்கணக்கான பேர் போடுற மெட்ஃபார்மினுக்கே வேர் ஒரு செடிதான், ஐரோப்பாவுல வளர்ற கலேகாங்கிற செடி. அதுல இருந்த கலேஜின்ங்கிற பொருள் சர்க்கரையைக் குறைச்சுது, ஆனா நேரா கொடுக்க முடியாத அளவுக்கு நச்சு. அந்த வகைப் பொருளை கெமிஸ்ட்ரியில மாத்தி மாத்தி, 1957ல பாரீஸ்ல ழான் ஸ்டெர்ன்ங்கிற டாக்டர் மெட்ஃபார்மினை நோயாளிங்களுக்குக் கொடுத்து எழுதினார். அதுக்கப்புறமும் அமெரிக்கா ஒத்துக்க 1994 ஆச்சு, இங்கிலாந்துல பல வருஷம் நடந்த பெரிய ஆய்வோட முடிவு 1998ல வந்து மாரடைப்பும் சாவும் குறையுதுனு காட்டினப்பதான் அது முதல் மாத்திரைங்கிற இடத்துல உக்காந்துச்சு. சிறுகுறிஞ்சான் இன்னும் ஸ்டெர்ன் இருந்த கட்டத்துலயே நிக்குது. சர்க்கரை நம்பர் குறையுதுங்கிறது வரைக்கும் கொஞ்சம் தெரியும், மாரடைப்பு, கிட்னி, கண்ணு இதையெல்லாம் காப்பாத்துதானு காட்டின ஆய்வு ஒண்ணு கூட கிடையாது.

சட்டத்துல என்ன இருக்குனும் தெரிஞ்சு வெச்சுக்கங்க. 1954ல வந்த மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டத்துல நீரிழிவும் பட்டியல்ல இருக்கு, இதைக் குணப்படுத்துவோம்னு விளம்பரம் பண்றதே குத்தம். அப்படி இருந்தும் "90 நாளில் சர்க்கரைக்கு விடை"னு போஸ்டர் ஒட்டுறாங்க, வாட்ஸப்ல வீடியோ அனுப்புறாங்க. 2023ல வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட (ஐசிஎம்ஆர்) கணக்குப்படி நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரை, பெரியவங்கள்ல 11.4 சதவீதம். இத்தனை பேரோட பயத்துல யாவாரம் நடக்குது.

ஏற்கனவே எடுத்துக்கிட்டு இருக்கிறவங்க திடீர்னு பதற வேண்டாம். பாட்டிலையோ பொடி பாக்கெட்டையோ கையோட எடுத்துக்கிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க, என்ன மாத்திரையோட சேத்து எடுக்கிறீங்கனு சொல்லுங்க. வீட்ல குளுக்கோமீட்டர் இருந்தா முதல் ஒரு மாசம் வெறும் வயித்துலயும் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சும் பாத்து நோட்ல எழுதி வைங்க, மூணு மாசத்துல ஹெச்பிஏ1சி எடுங்க. நம்பர் இறங்கினா மாத்திரையை குறைக்கிறது டாக்டர் வேலை, மெட்ராஸ் ஆய்வுலயும் அப்படித்தான் நடந்துச்சு. ஆபரேஷன் எதுவும் இருந்தா அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்திடுங்க, மயக்க டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க. கர்ப்பமா இருக்கிறவங்க, பால் கொடுக்கிறவங்க இதைத் தொடவே வேண்டாம்.

அந்த ரெண்டாவது படிக்கு என்ன வேணும்னு யோசிச்சா அப்படி ஒண்ணும் முடியாத காரியமா தெரியல. இலை இங்கயே விளையுது, நோயாளிங்க இங்கயே இருக்காங்க, சித்தா காலேஜும் மருத்துவக் கல்லூரியும் பக்கம் பக்கமா இருக்கு. ஒரே தோட்டத்து இலை, ஒரே முறையில எடுத்த சாரம், ஒவ்வொரு பேட்ச்சுலயும் ஜிம்னிமிக் ஆசிட் எவ்வளவுனு அளந்து, மெட்ஃபார்மின் சாப்பிட்டும் ஹெச்பிஏ1சி 7.5க்கு மேல நிக்கிற சில நூறு பேரை குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்கு அதே கசப்போட ஒரு வெத்து கேப்சூல், ஒரு வருஷம், நடுவுல சி-பெப்டைடும் ஈரல் டெஸ்ட்டும். மெட்ராஸ்ல 22 பேரோட நின்ன வேலையை அரசாங்கக் காசுல, பாட்டில் விக்கிறவங்க காசு ஒரு ரூபா கூட கலக்காம, இங்கயே பண்ணணும்.